நாலு மணி ரீடிங்

ஏழு மணி நேரத்துக்கு முன் செயலில் இருந்தார் என்று போன் சொன்னது. இதற்கு முன்னால் பார்த்தபோது ஆறு. ஆறு ஏழாக மாறியதை இஞ்ஞாசி பார்க்கவில்லை, அப்போது கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தான். யாரை ஏமாற்ற அப்படிக் கிடந்தான் என்றால் தன்னைத்தான். நைட் ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வீடு வந்து, நின்றவாக்கில் ரெண்டு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு இறால் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஆணியடித்திருக்கும் இந்த அறையில் வந்து சாய்ந்தால் பத்து நிமிஷத்தில் உடம்பு தானாக அணைந்துவிடும், பதினோரு வருஷப் பழக்கம். இன்றைக்கு அணையவில்லை. அட்டையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெயில் உள்ளே வந்து காலில் விழுந்து, இப்போது முழங்கால் வரை ஏறியிருந்தது. வெளியே வராந்தாவில் பிலோமி கையால் நைட்டிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் குறட்டை கேட்ட பிறகுதான் தையல் மெஷினை மிதிப்பாள், கல்யாணமான நாள் தொட்டு அவள் வைத்திருக்கும் கணக்கு அது. இன்னும் மெஷின் சத்தம் வராததாலேயே, தான் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஏழு மணி நேரம். தூங்கலாமே. மனுஷன் ஏழு மணி நேரம் தூங்குவதில் என்ன அதிசயம், ராத்திரி ரெண்டே முக்காலுக்கு எழுதிவிட்டுப் படுத்தவன், அல்லது படுத்தவள், அது ஆணா பெண்ணா என்பதுகூட எட்டு மாதமாகத் தெரியாது, தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஆள் எழுதியதைத் தூங்கப் போகிறவர் எழுதியதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முடியவில்லை என்பதுகூட இப்போதுதான். ரெண்டே முக்காலுக்கு அவன் அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்து போனது. சிவப்பு இதயம் ஒன்று போட்டான். போட்டதோடு விட்டானா, அடியில் ஒரு வரியும் எழுதினான். உண்மையின் முன் தலைவணங்குவது தோல்வி அல்ல, தோழரே. அந்த வரியை நினைத்ததும் இஞ்ஞாசி பாயில் புரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டான்.

அந்தக் குழுவின் பெயர் ‘ஏன் எதற்கு எப்படி’. மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். கடவுள் உண்டா, செத்த பிறகு என்ன, நம் இஷ்டப்படிதான் நடக்கிறோமா என்று அவரவர் மனசில் கண்டதை எழுதுவார்கள், மற்றவர்கள் பிய்த்துப் போடுவார்கள். பத்தாம் வகுப்பும் ஐடிஐயும் படித்த இஞ்ஞாசி அதில் ‘விழித்திருப்பவன்’ என்ற பெயரில் எழுதினான். பழைய புத்தகக் கடையில் கிலோ கணக்கில் வாங்கியதும், நூலகத்தில் யாரும் தொடாததால் பக்கம் ஒட்டிப்போனதுமாகப் படித்துப் படித்து, கம்ப்ரெசர் ரூமில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு யோசித்து யோசித்து அவன் கண்டுபிடித்த தியரிக்கு அங்கே நாலு மணி தியரி என்றே பெயர் விழுந்துவிட்டது. நாலு மணி வருவதில்லை, நாலு மணி அங்கேயே இருக்கிறது என்பான். மதுரையிலிருந்து வரும் பஸ்ஸில் தூங்குகிறவன் கண் விழித்துப் பார்த்து ‘கோவில்பட்டி வந்துவிட்டது’ என்கிறான், கோவில்பட்டி எங்கே வந்தது, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, இவன்தான் போய்ச் சேர்ந்தான். அதுபோல நாளைக்கு நடக்கப்போவது எல்லாம் இப்போதே அங்கே நடந்து முடிந்து நிற்கிறது, நம்மால் அதில் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. இதற்கு அவன் கொடுத்த சாட்சி அவன் தொழிலிலிருந்து வந்தது. இறால் கம்பெனியின் ஐஸ் ரூமைக் குளிர்விக்கும் அம்மோனியா கம்ப்ரெசருக்கு மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து பிரஷரும் டெம்பரேச்சரும் தாளில் எழுத வேண்டும். நைட் ஷிப்டில் யாரும் மணிக்கு மணி எழுதுவதில்லை. ஒரு மணிக்கே ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுக்கும் சேர்த்துப் போட்டுவைத்துவிட்டுக் கண்ணயர்வார்கள். அதற்கு ஒரு பக்குவம் உண்டு: ஒரே எண்ணை மூன்று தடவை போடக்கூடாது, பிரஷர் பதிமூணு புள்ளி ரெண்டு, பதிமூணரை, மறுபடி பதிமூணு புள்ளி மூணு என்று உயிரோட்டமாகப் போக வேண்டும், மூணு மணிக்கு நீலப் பேனா, நாலு மணிக்குக் கறுப்பு. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இப்போது ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் கோமதிநாயகம் சார்தான். ‘பதினோரு வருஷமாக நாலு மணியின் எண்ணை ஒரு மணிக்கே எழுதுகிறேன். ஒரு நாளும் தப்பியதில்லை. எழுதியதால் அது நடக்கிறதா, அங்கே இருப்பதால் என் கை எழுதுகிறதா’ என்று அவன் போட்ட பதிவுக்கு அறுநூறு லைக். கோமதிநாயகம் சாரும் அந்தக் குழுவில் உண்டு. மறுநாள் தோளில் தட்டி, என்னவே சித்தரே, நம்ம திருட்டுத்தனத்தையே வேதாந்தமா ஆக்கிட்டீரே என்று சிரித்தார்.

மூவாயிரம் பேரில் ஒருவர்தான் விடாமல் முட்டியது. பெயர் ‘மண்டைக்குடைச்சல்’. படத்தில் ஒரு பிய்ந்த விசிறி. நேரம் காலம் கிடையாது, இஞ்ஞாசி எதை எழுதினாலும் ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்கும். அண்ணாச்சி, நீங்க எழுதற நம்பர் சரியா இருக்குன்னா உங்க மெஷின் நல்ல மெஷின்னு அர்த்தம், பிரபஞ்சத்தைப் பத்தி அது ஒன்னும் சொல்லலையே என்றது. அண்ணாச்சி, எல்லாம் ஏற்கெனவே இருக்குன்னா நீங்க ஏன் இவ்வளவு பாடுபட்டு என்னை நம்பவைக்கப் பாக்கறீங்க, நான் நம்பறதும் நம்பாததும் அங்கேயே இருக்கட்டுமே என்றது. இஞ்ஞாசிக்குக் கோபம் வரும், அரிக்கும், ஷிப்ட் முழுக்கப் பதிலைக் கோத்துக்கொண்டிருப்பான், அந்த அரிப்பில்தான் எட்டு மாதமாக அவனுக்கு ராத்திரிகள் போயின. சொல்லப்போனால் இவ்வளவு அக்கறையாக வேறு யார் அவன் சொல்வதைக் கேட்டார்கள். பிலோமியிடம் ஒருநாள் கோவில்பட்டியைச் சொன்னான், அவள், கோவில்பட்டிக்கு எதுக்குங்க இப்போ என்றாள். இரண்டு மாதமாகக் குடைச்சல் கேட்கும் கேள்விகளில் ஒரு மாற்றம் இருந்தது, இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. கேலி குறைந்திருந்தது. நல்லது நடக்கறதுக்குத்தான் அப்படியா, கெட்டதுக்குமா என்று கேட்டது. ஒருத்தர் ரொம்ப முயற்சி பண்ணித் தோத்துப்போனா அந்தத் தோல்வியும் முன்னாடியே அங்க இருந்ததுதானா என்று கேட்டது. ஆமாம் ஆமாம் என்று இவன் எழுதினான், முதலிரவு மாப்பிள்ளைபோல அவசரமாக எழுதினான், எதிராளி தளர்வது தெரிந்துவிட்ட சந்தோஷம். தளர்ச்சி எதனால் என்று ஒரு கணம் நினைக்கவில்லை. நேற்று ராத்திரி அது இப்படி எழுதியிருந்தது: ‘அண்ணாச்சி, ஒரு வாரமா யோசிச்சுப் பாத்துட்டேன். உங்க நாலு மணியில குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கல. ஒத்துக்கிறேன். எல்லாம் அங்க முடிஞ்சு நிக்குதுன்னா, நான் இனி எதையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. முடிவும் அங்கதான் இருக்கு, நான் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு நிம்மதியா இருந்து ரொம்ப நாளாச்சு. இத்தனை நாள் சண்டை போட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க. நன்றி.’ அதற்குத்தான் இதயம். அதற்குத்தான் தலைவணங்குவது தோல்வி அல்ல தோழரே.

காலையில் கம்பெனி வேனில் வரும்போது, ஜெயித்ததை இன்னொரு தடவை ருசி பார்க்கலாம் என்று போனை எடுத்தான். வேனில் மற்றவர்கள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், உப்பளத்தின் மேல் வெயில் கண்ணைக் குத்தியது. ‘போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி’ என்ற இடத்துக்கு வந்ததும் திரையை மேலே தள்ளி முதல் வரிக்குப் போனான். திரும்பப் படித்தான். மன்னிச்சுக்கோங்க என்று எதற்கு எழுத வேண்டும். நிம்மதியா இருக்கு என்று எதற்கு. வேன் ஸ்டாண்டில் இறங்கி அவசரமாக, வணக்கம், நலமா, உங்களிடம் பேச வேண்டும் என்று தனிச்செய்தி அனுப்பினான். அனுப்பியதற்கு அடையாளமாக ஒற்றை வட்டம் வந்து நின்றது, அந்தப் பக்கம் யாரும் திறக்கவில்லை. அதிலேயே கூப்பிட்டுப் பார்த்தான். எதிர்முனையில் மணி அடித்தால் திரையில் ‘மணி அடிக்கிறது’ என்று வரும், போன் அணைந்து கிடந்தால் ‘அழைக்கிறது’ என்றே நிற்கும். அழைக்கிறது, அழைக்கிறது, அழைக்கிறது என்று நின்று நின்று அறுந்தது. குழுவை நடத்துகிறவருக்கு எழுதினான், அவருக்கு அந்த ஆளின் ஊர் பேர் ஏதாவது தெரியுமா என்று. அவர் சவுதியில் இருப்பவர், அங்கே இப்போதுதான் விடிந்து வேலைக்குப் போயிருப்பார், போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். போலீசுக்குப் போகலாமா. போய் என்ன சொல்வது. சார், பிய்ந்த விசிறி படம் போட்ட ஒருத்தர், பேர் மண்டைக்குடைச்சல், என் தத்துவத்தை ஒத்துக்கொண்டுவிட்டார், பயமாக இருக்கிறது. இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்தது, தலையணையை வாயில் அழுத்திக்கொண்டான்.

வராந்தாவில் பிலோமி எழுந்து வரும் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளி, உள்ளே வராமலேயே, தலைவலிக்குதா என்று கேட்டாள். இல்லை என்றான். காப்பி போடவா என்றாள், காப்பி குடித்தால் தூக்கம் போய்விடும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். போனை வச்சிட்டுப் படுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். போனை வைக்க முடிகிறதா. எட்டு மணி நேரத்துக்கு முன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு எட்டாயிற்று. அவன் எழுதிய தியரிப்படி இந்த எட்டும் ஏற்கெனவே அங்கே இருந்ததுதான். இப்போது அந்த ஆள் எந்த ஊரில், எந்த அறையில், எப்படி இருக்கிறாரோ அதுவும் அங்கே முடிந்து நிற்கிறது. தான் இங்கே புரண்டு படுப்பது உட்பட. அப்படியென்றால் தான் இங்கே என்ன செய்தாலும் ஒன்றுதான், ஒன்றும் செய்யாமல் படுத்துத் தூங்கலாம். தூங்கேன் பார்ப்போம், அறுநூறு லைக் வாங்கினாயே, தூங்கு. தான் சொன்னதைத் தானே ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்பது, ஏதோ இருட்டில் படிக்கட்டு என்று காலை வைத்து அங்கே படி இல்லாததுபோல, உடம்பைத் தூக்கிப்போட்டது. நம்பாததையா இத்தனை நாள் சொன்னான். இல்லை, நம்பினான். நம்ப வேண்டியிருந்தது. ஏன் நம்ப வேண்டியிருந்தது என்ற இடத்துக்கு மனசு வந்ததும் எப்போதும்போல் விலகி ஓடியது, பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்துக்கு ஓடியது, மீன்காரியின் குரலுக்கு ஓடியது, ஜன்னல் அட்டையில் தலைகீழாக அச்சடித்திருக்கும் ‘உறைந்த நிலையில் வைக்கவும்’ என்பதை எழுத்தெழுத்தாகப் படித்தது, பிறகு போக இடமில்லாமல் திரும்பி வந்து நின்றது. கொம்பையா.

ரெண்டு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி. அடைமழை. ஒரு மணிக்கே அஞ்சு மணி வரைக்கும் போட்டுவிட்டு, பேனலுக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுத்தான். நாலு மணிக்குப் பதிமூணரை, கறுப்புப் பேனா. எது எழுப்பியது என்றால் அமைதிதான் எழுப்பியது. கம்ப்ரெசர் ஓடும் சத்தத்தில் வருஷக்கணக்கில் தூங்கியவனை எந்தச் சத்தமும் எழுப்பாது, அது நின்றால்தான் எழுவான். எழுந்து பார்த்தால் கரண்ட் ஒரு தடவை போய் வந்ததில் தண்ணிப் பம்பு நின்று, பிரஷர் ஏறி, மெஷின் தானாகவே நின்றுவிட்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஓடி ஓடிப் பம்பைப் போட்டு, மெஷினைப் போட்டு, ரூம் பழையபடி இறங்க அஞ்சரை ஆயிற்று. தாளில் நாலு மணிக்குப் பதிமூணரை என்று அழகாக இருந்தது. அதை அடிக்கவில்லை. அடித்தால் தூங்கினது தெரியும். ஆனால் ரூமுக்குள் ஒரு வட்டக் காகிதம் உண்டு, டெம்பரேச்சரைப் பேனா முள் தானாகவே அதில் கீறிக்கொண்டே போகும், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. மைனஸ் இருபதிலிருந்து மைனஸ் ஒன்பது வரை ஒரு மலைபோல ஏறி இறங்கியிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததற்குத் தாளில் சாட்சி இருக்கிறது, பிறகு ரூம் ஏன் சூடாயிற்று, கதவு திறந்து கிடந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி லோடு ஏற்றி முடித்துக் கடைசியாகக் கதவைச் சாத்தியவன் கொம்பையா. சாத்தினேன் சார், கொக்கி மாட்டிட்டுத்தான் போனேன் என்று அவன் சொன்னான். கோமதிநாயகம் சார் இஞ்ஞாசி பக்கம் திரும்பி, மெஷின் நிக்கலையேவே என்றார். இஞ்ஞாசி, ரீடிங் இருக்குல்லா சார் என்றான். நிற்கவில்லை என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை எத்தனை ராத்திரி எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறான், நான் பொய் சொல்லவில்லை, ரீடிங் இருக்குல்லா என்றுதான் சொன்னேன். கொம்பையாவை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். நாலைந்து நாள் கழித்து, விட்டுப்போன கம்பளிச் சட்டையை வாங்க கேட்டுக்கு வந்தவன், இஞ்ஞாசியைப் பார்த்ததும் ஓரமாகக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டான்: “அண்ணாச்சி, ஒருவேள நான் சாத்தலையோ? கொக்கி போட்டது கையில இன்னும் இருக்கு. ஆனா எல்லாரும் சொல்லுதாவ. எனக்கே சந்தேகமா இருக்கு.” இஞ்ஞாசி அவன் தோளைத் தட்டி, நடக்கணும்னு இருந்தது நடந்துபோச்சு, விடுப்பா என்றான். அப்போது வாயில் வந்த வார்த்தைதான். அதை எழுதி எழுதி நீட்டியதுதான் தியரி. கோவில்பட்டியும் பஸ்ஸும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை என்று எழுதியபோது கை ஒரு கணம் நின்றது, நின்று, பிறகு எழுதியது. அந்த ஒரு நாளை மட்டும் வெளியே வைத்துத்தான் பிரபஞ்சம் முழுவதையும் உள்ளே அடைத்திருந்தான்.

எழுந்து உட்கார்ந்தான். முதுகு பாயில் ஒட்டி உரிந்தது. குடைச்சல் எட்டு மாதமாகத் தேடியது இதைத்தான். இந்தத் தியரியில் எங்கேயோ ஒரு பொத்தல் இருக்க வேண்டும் என்று தடவித் தடவிப் பார்த்து, இல்லை என்று கை ஓய்ந்துபோய் ஒத்துக்கொண்டிருக்கிறது. பொத்தலை இவன் மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டு தேடு தேடு என்றிருக்கிறான். ஒருவரைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியத்தை ஒளித்து வைத்திருக்கிறான். இல்லை, கொம்பையாவையும் கணக்கில் சேர்த்தால் ரெண்டு பேரை. தனிச்செய்தியில் எழுதலாம், ஆனால் அது திறக்கவில்லை, காலையில் அனுப்பியது அங்கே குருட்டுத்தனமாக நிற்கிறது. அந்த ஆள் திறந்தால் முதலில் பார்ப்பது பொதுவில் தன் கடைசி வரிகளுக்குக் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான், எல்லோரும் அப்படித்தான், இவனும் அப்படித்தான். அங்கே இப்போது முப்பது பேர் கைதட்டியிருந்தார்கள். அருமை, சரணாகதியே ஞானம், விழித்திருப்பவன் ஐயாவுக்கு வெற்றி. அங்கேதான் போட வேண்டும். அங்கே போட்டால் கோமதிநாயகம் சார் பார்ப்பார். பார்த்தால் வேலை போகும். நாற்பத்தேழு வயசில் அம்மோனியா கம்ப்ரெசர் தவிர வேறு ஒன்றும் தெரியாதவனை யார் சேர்ப்பார்கள். பிலோமியின் நைட்டி ஒன்றுக்கு என்ன தருகிறார்கள். கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு எட்டு வருஷம் ஆகிறது, அங்கே சொல்லியிருந்தால் சாமியார் காதோடு போயிருக்கும், இப்போது மூவாயிரம் பேர் காதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்குச் சொல்லலாம். அந்த ஆள் தூங்கி எழுந்து சாதாரணமாக வந்துவிட்டால் சொல்லத் தேவையே இல்லை. அவன் மனசு எவ்வளவு லாவகமாக இதையெல்லாம் அடுக்குகிறது என்று அவனே ஓர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு மணிக்கே அஞ்சு மணி வரைக்கும் போட்டுவைக்கிற அதே லாவகம். நீலப் பேனா, கறுப்புப் பேனா.

எழுதினான். வழக்கமாக ஒரு பத்திக்கு ஒரு மணி நேரம் எடுப்பவன், சொற்களைத் தூக்கிப்போட்டு எடை பார்ப்பவன், பேசுவதுபோல் எழுதினான். ‘குடைச்சல், நான் சொன்னது பொய். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் தப்பியது. நாலு மணிக்குப் பதிமூணரை என்று ஒரு மணிக்கே எழுதினேன், நாலு மணிக்கு மெஷின் நின்று கிடந்தது. முன்கூட்டி எழுதியிருந்தது ஒன்று, நடந்தது வேறு. நான் முழித்திருந்தால் அது நின்றிருக்காது, நின்றாலும் அஞ்சு நிமிஷத்தில் ஓட்டியிருப்பேன். அங்கே எதுவும் முடிந்து நிற்கவில்லை. தூங்கியவன் நான். பழியை லோடுமேன் கொம்பையா மேல் போட்டார்கள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் கதவைச் சாத்தினான், அதில் அவனுக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டோம். அதை மறைக்கத்தான் இந்தத் தியரியைக் கட்டினேன். நீங்கள் தோற்கவில்லை. உங்கள் கேள்விதான் சரி. தயவுசெய்து வந்து என்னைத் திட்டுங்கள்.’ கடைசி வரியை அழிக்கலாமா என்று யோசித்து அழிக்காமல் விட்டான். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அவனுக்குத் தெரியாது, மீன்காரி தெருவைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள். அழுத்தினான். அழுத்தியதும் ஒன்றும் ஆகவில்லை. மிக்சி ஓடியது.

பதினைந்து நிமிஷத்தில் போன் அதிர்ந்தது, குடைச்சல் இல்லை, கோமதிநாயகம் சார். எடுத்ததும் அவர் கோபப்படாமல் பேசியதுதான் பயமாக இருந்தது. உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார். அன்றைக்கு முடிவு எடுத்துக் கையெழுத்துப் போட்டவர் தான் என்பதை நினைவுபடுத்தினார், மேலே யாராவது இதைப் படம் பிடித்து அனுப்பினால் தனக்கு ஓய்வு பெற இருக்கும் மூன்று வருஷம் என்ன ஆகும் என்று கேட்டார். ரீடிங்கை யார் ஒழுங்காகப் போட்டார்கள், பூராவும் அப்படித்தான், அதையெல்லாம் ஊருக்குச் சொல்வதா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய சிநேகிதத்தோடு சொன்னார்.

“அழிச்சிரும்வே. நாலு பேருதான் பாத்திருக்கான். இப்ப அழிச்சா நானும் பாக்கல, நீரும் எழுதல.”

“அழிக்க முடியாது சார். ஒரு ஆள் பாக்கணும்.”

“யாரு? அந்த விசிறிப் படமா? அது எவனோ வேலையத்தவன்வே. மூஞ்சி தெரியாதவனுக்காகச் சோத்துல மண்ணப் போட்டுக்கிடுவீரா?”

“அவரு பாத்துட்டு அப்புறம் சொல்லுதேன் சார்.”

“அப்ப இனி ஷிப்டுக்கு வர வேண்டாம்” என்று அவர் சொன்னார், சொல்லிவிட்டு வைக்காமல் இருந்தார். இவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தார். மூச்சு கேட்டது. இஞ்ஞாசியின் கண் பேசும்போதே திரையில் மணிக்கணக்கு காட்டும் மேல் மூலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் வைத்தார். கதவருகே பிலோமி கையில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. இஞ்ஞாசி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், ரெண்டு வருஷம் ஆச்சு, சாயந்திரம் சொல்லுதேன் என்றான். அவள், வேலை போச்சா என்றாள். போச்சு என்றான். சரி என்று சொல்லிப் போனாள், போய் உட்கார்ந்து மெஷினை மிதிக்கத் தொடங்கினாள், அவன் விழித்திருக்கும்போது அவள் அதை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அந்தக் கடகட சத்தத்தில் அவனால் யோசிக்க முடியவில்லை, யோசிக்க முடியாமல் இருந்தது கொஞ்சம் உதவியாகவும் இருந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு முன். பதினொன்றே முக்கால். கீழே ஒருவர், அப்ப இத்தனை நாள் எங்களைக் கேனையன் ஆக்கினீரா என்று எழுதியிருந்தார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார். அவன் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனான். எழுதியது வீண். நேரம் கடந்து எழுதினேன். வேனில் படித்தபோதே எழுதியிருக்கலாம், ரெண்டே முக்காலுக்கே எழுதியிருக்கலாம், இதயம் போட்ட அந்தக் கையால் ரெண்டு வார்த்தை, என்ன ஆச்சு என்று ரெண்டே வார்த்தை. தான் அங்கே இல்லாத ஓர் அறையை அவன் மனசு கட்டிக்கொண்டே போனது, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், உள்ளே ஒரு போன் கவிழ்ந்து கிடக்கிறது. கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினான். உள்ளே பார்க்க முடியவில்லை.

பிய்ந்த விசிறியின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. அது தன் கண்ணில்தான் இருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தான். புள்ளி நின்றது. மூன்று சின்னப் புள்ளிகள் துள்ளின, நின்றன, மறுபடி துள்ளின, நின்றன. பிறகு வந்தது, பொதுவில் இல்லை, தனியாக. ‘அந்தக் கொம்பையா இப்ப எங்க இருக்காரு?’ நீங்க நல்லா இருக்கீங்களா, எங்க இருக்கீங்க, பயந்துபோயிட்டேன் என்று சேர்த்துச் சேர்த்து அடித்தான். ‘நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி.’ தெரியாது என்று எழுதினான். எழுதியதும் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. ‘கதவைச் சாத்தினோமா இல்லையான்னு அவருக்கு இன்னும் சந்தேகம் இருக்குமா?’ இருக்கும் என்று எழுதினான். மெஷின் ஒரு நைட்டியை முடித்து அடுத்ததற்குப் போயிற்று. ‘ரெண்டு வருஷம் ஒருத்தர் தன் கையையே நம்பாம இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். போய் அவர்கிட்ட சொல்லுங்க. எழுதாதீங்க, நேர்ல போய்ச் சொல்லுங்க. அவர் என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியணும்.’

போகிறேன், இப்பவே போகிறேன், அதுவரைக்கும் நீங்கள் இருப்பீர்களா என்று கேட்டான். புள்ளிகள் துள்ளி நின்றன. துள்ளி நின்றன.

‘சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.’

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். அக்கா இருக்கா, சமையல்கட்டுல என்று வந்தது. போய் அவங்க பக்கத்துல உட்காருங்க, ஒன்றும் பேச வேண்டாம், சும்மா உட்காருங்க என்று எழுதினான். சரி என்று வந்தது. அவ்வளவுதான். கொம்பையாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பசுவந்தனைப் பக்கம் ஏதோ ஓர் ஊர். ஊர்ப் பெயர் தெரியாது, அப்பன் பெயர் தெரியாது. இறங்கி விசாரிக்க வேண்டும், லோடு வேலைக்குப் போனவர், நெட்டையாக இருப்பார், கம்பளிச் சட்டை என்று. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். பிலோமி மெஷினை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள், அவன் பசுவந்தனைக்கு என்றான், அவள் தலையை ஆட்டினாள். பன்னிரண்டு மணி வெயிலை அவன் பார்த்து எத்தனையோ காலம். தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது, ஆட்கள் அவனைவிட வேகமாக நடந்தார்கள். சாயங்காலம் என்றால் எத்தனை மணி என்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்பது பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. நாலரையும் சாயங்காலம்தான், ஏழும் சாயங்காலம்தான். கேட்கவும் பயமாக இருந்தது. அந்தப் பக்கம் போகிற பஸ் ஒன்று ஆள் ஏறாமல் நின்றது, கண்டக்டர் படியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று இஞ்ஞாசி கேட்டான்.

“எடுக்கிற நேரத்துக்கு எடுப்போம் அண்ணாச்சி. ஏறி உக்காருங்க.”

“அப்படிச் சொல்லக்கூடாது” என்றான் இஞ்ஞாசி. போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “மணி சொல்லுங்க.”